லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் அறிவியல் படிக்கலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு படிக்கிறாள். அமெரிக்காவிலுள்ள என் தங்கை, வூஸ்டர் நகரில் இயேசு சபையினர் நடத்தும் ஹோலி கிராஸ் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறாள். அது சிறிய ‘லிபரல் ஆர்ட்ஸ்’ கல்லூரியாம். அறிவியல் படிக்க விரும்புகிறவளை ஆர்ட்ஸில் சேர்க்கலாமா? நாங்கள் இந்துக் குடும்பம் என்பதால் வேறொரு தயக்கமும் உண்டு.
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: குழப்பம் பெயரில்தான். நம் ஊரில் ‘ஆர்ட்ஸ் குரூப்’ என்றால் அறிவியல் இல்லாதது. அங்கே அச்சொல் உயிரியல், கணிதம், தத்துவம், வரலாறு அனைத்தும் சேர்ந்த பொதுக் கல்வியைக் குறிக்கும். 1843இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரியில் ஏறத்தாழ 3,000 பேர், எல்லோரும் இளங்கலை மாணவர்கள். முதுகலை மாணவர்கள் இல்லாததால், ஆய்வகத்தில் பேராசிரியருக்குத் துணை நிற்கும் வாய்ப்பும் இவர்களுக்கே கிடைக்கிறது.

பருவத்துக்கு 4 பாடங்கள் என்ற கணக்கில், நான்கு ஆண்டுகளில் 32 பாடங்கள். ஆனால் ஒரு பாடத்துக்கு வாரந்தோறும் படிக்க வேண்டிய பக்கங்களைப் பார்த்தால் நான்கே அதிகமென்று தோன்றும். வகுப்பில் இருபது பேர் வட்டமாக அமர்ந்திருக்கையில் கடைசி பெஞ்சு என்று ஒன்று இருப்பதில்லை. வாசிக்காமல் வந்தவர் யார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எழுதிக் கொடுத்த கட்டுரை, ‘இதற்கு ஆதாரம் என்ன?’ என்ற ஓரக் குறிப்புகளோடு திரும்பி வரும். அதை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போய் வாதாடுவதும் படிப்பின் பகுதியே. நோட்ஸை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிப் பழகிய நம் பிள்ளைகள் முதல் பருவத்தில் தடுமாறுவது இங்கேதான்.

சமயம் பற்றிய பாடம் உண்டு. அது ஆய்வுப் பாடமே தவிர, ஞானோபதேசம் அல்ல. நம் பக்கத்தில், 1923இல் தொடங்கிய பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியும் இயேசு சபையினருடையதுதான். எல்லா மதத்துப் பிள்ளைகளும் அங்கே படித்திருக்கிறார்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்குச் சாதி மதம் பாராமல் போய்வரும் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மருத்துவராவதே மகளின் எண்ணமென்றால் யோசியுங்கள். அங்கே மருத்துவப் படிப்பு பட்டத்துக்குப் பிறகு தனியாக நான்கு ஆண்டுகள். வெளிநாட்டு மாணவர்களுக்கு இடமும் குறைவு. செலவோ பெரிது. உதவித்தொகை எவ்வளவு என்பது எழுத்தில் வராமல் நிலத்தை அடகு வைக்க வேண்டாம்.

இவ்வகைப் படிப்பு அவளுக்கு ஒத்துவருமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். 1956இல் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும், உங்கள் ஊர்ப் பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரள அரசு பராமரிப்பது ஏன் என்று, எதையும் பார்த்து எழுதாமல், தானே விசாரித்து இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் இன்னும் நான்கு கேள்விகளோடு உங்களிடம் வந்தால் விண்ணப்பத்தை அனுப்புங்கள்.