நைட்ல சிஸ்டர் ஏன் லேட்டா வராங்க?

கேள்வி: அக்கா, போன மாசம் அம்மாவ இங்க ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில சேத்திருந்தோம், ராத்திரி டிரிப்ஸ் தீந்து டியூப்ல ரத்தம் ஏறிடுச்சு, இருபது நிமிஷம் கழிச்சுதான் சிஸ்டர் வந்தாங்க, நான் கத்திட்டேன். அலட்சியம்தானே அது?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பயந்துபோயிருப்பீங்கம்மா, கோவம் வந்தது நியாயம்தான். ஆனா அன்னிக்கு அந்த வார்டுல எத்தன சிஸ்டர் இருந்தாங்கன்னு பாத்தீங்களா? ஒருத்தரே இருபது பெட் பாக்கறாங்கன்னா, இங்க ஊசி போட்டுட்டு இருக்கப்ப அங்க டிரிப்ஸ் தீரத்தான் செய்யும், இதுக்கு நடுவுல சார்ட் எழுதணும், டாக்டருக்கு போன் பண்ணணும், கூட இருக்கறவங்களுக்கு பதில் சொல்லணும். அமெரிக்காவுல பென்சில்வேனியா ஆஸ்பத்திரிங்கள பத்தி 2002ல வந்த ஆய்வுல, ஆபரேஷன் வார்டுல ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினாலே 30 நாளுக்குள்ள இறக்கற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு தெரிஞ்சுது. ஒரே ஒரு நோயாளிம்மா! சம்பளத்தையும் சொல்லணும், 50 பெட்டுக்கு கீழ உள்ள பிரைவேட் ஆஸ்பத்திரிலகூட 20,000 ரூபாய்க்கு குறையக்கூடாதுன்னு 2016லயே மத்திய அரசு கமிட்டி சொல்லிடுச்சு, அத குடுக்காத இடத்துல அனுபவமுள்ளவங்க எப்படி நிப்பாங்க? அடுத்த தடவ அட்மிட் பண்றப்பவே, நைட்ல இந்த வார்டுக்கு எத்தன சிஸ்டர்னு நிர்வாகத்துக்கிட்ட கேளுங்க, பதில் சரியில்லன்னா புகார எழுதியே குடுங்க, சிஸ்டர் மேல இல்ல, நிர்வாகத்து மேல.