சிஸ்டர் பதில்கள்: அலட்சியமா, வழியில்லையா?

கேள்வி: அன்புள்ள சிஸ்டருக்கு, என் மகன் அமெரிக்காவில் பொது சுகாதாரம் படிக்கிறான். அங்கே கறுப்பின மக்கள் குடும்ப டாக்டரிடம் போவது குறைவு, எமர்ஜென்சிக்கு வருவது அதிகம் என்று பாடத்தில் இருக்கிறதாம். "உடம்பைக் கவனிக்காத அலட்சியம்" என்கிறார் என் கணவர். மகன் இல்லை என்கிறான். அங்கேயே நர்ஸாக இருந்த நீங்கள் சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் மகன் பக்கம்தான் நான், அம்மா. தென் மாநிலம் ஒன்றில், அரசு மருத்துவமனை எமர்ஜென்சியில் 19 வருஷம் இரவு ட்யூட்டி பார்த்தேன். அலட்சியத்தால் வந்தவர்கள் என்று சொல்ல எனக்கு அதிகம் பேர் நினைவுக்கு வரவில்லை.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன். கறுப்பினத்தவர், ஆபீஸ்களைச் சுத்தம் செய்யும் வேலை. இரவு பதினொரு மணிக்குக் காலில் புண்ணோடு வந்தார். சர்க்கரை 480. "ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். கோபப்படாமல் சொன்னார்: மூன்று கிளினிக்குக்குப் போன் செய்தாராம், மூன்றிலும் இன்ஷூரன்ஸ் எண்ணைத்தான் முதலில் கேட்டார்களாம். ஏழைகளுக்கான அரசு இன்ஷூரன்ஸ், மெடிக்கெய்ட், அவருக்கு இல்லை. 2014 முதல் பல மாநிலங்கள் அதை இன்னும் கூடுதல் பேருக்கு விரிவாக்கின. டெக்சஸ், மிசிசிப்பி, அலபாமா போன்றவை விரிவாக்கவே இல்லை. அங்கெல்லாம் குறைந்த சம்பளத்துக்கு வேலைக்குப் போனாலே, பிள்ளை வளர்ப்பவர்களுக்குக்கூட மெடிக்கெய்ட் கைநழுவிப் போகலாம். எமர்ஜென்சி அப்படியில்லை. காசு இருக்கிறதா என்று பாராமல், வந்தவரைப் பரிசோதித்து ஆபத்தைத் தணிக்க வேண்டும் என்று 1986 முதல் சட்டமே இருக்கிறது. அவர் வேறு எங்கே போவார்? ஏழை வெள்ளையர்களும் இப்படித்தான் வந்தார்கள். ஆனால் இன்ஷூரன்ஸ் இல்லாமல் நிற்கும் விகிதம் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் கூடுதல்.

அவநம்பிக்கையும் உண்டு. அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை அரசின் பொது சுகாதாரத் துறையே சிஃபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களுக்கு வைத்தியம் செய்யாமல், நோய் எப்படிப் போகிறது என்று வேடிக்கை பார்த்தது. பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. "கெட்ட ரத்தம்" என்று மட்டும் சொல்லி வைத்தார்கள். ரத்தம் எடுக்கப் போனால் "எதுக்கு இது?" என்று இரண்டு தரம் கேட்ட பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பலரும் டஸ்கிகீயோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. ஏதோ தாத்தா காலத்துக் காயத்தைப் பிடித்துக்கொண்டு இவர்கள் வர மறுக்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது. இன்றைக்கு நடப்பதை யார் பேசுவது?

2020 கோவிட் சமயம். கறுப்பின முதியவர் ஒருவர் மூச்சு போதவில்லை என்றார். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினேன், 95 காட்டியது. பரவாயில்லை என்று வராந்தாவில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தேன். "இல்லம்மா, சரியில்லை" என்று மறுபடி சொன்னார். தமனி ரத்தம் எடுத்துப் பார்த்தால் 86. அதே வருஷம் டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்களின் ஆய்வு வெளிவந்தது: அந்தக் கருவி 92 முதல் 96 வரை காட்டும்போது, நிஜத்தில் 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு, வெள்ளையரில் நான்கு பேருக்கு. கறுத்த தோலில் அது கூட்டிக் காட்டுகிறது. அவர் சொன்னதை நான் நம்பவில்லை, மிஷினை நம்பினேன். இன்றைக்கும் உறுத்துகிறது. அப்படி ஒருவரை வீட்டுக்கு அனுப்பி, அடுத்த முறை அவர் வராமலே இருந்துவிட்டால், புள்ளிவிவரத்தில் அவரும் "டாக்டரிடம் போகாதவர்"தான்.

உங்கள் மகன் 2019-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்றையும் தேடிப் படிக்கட்டும். யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று கணிக்கும் கம்ப்யூட்டர் முறை ஒன்று, நோயை நேராக அளக்காமல், வைத்தியத்துக்கு ஆன செலவை வைத்துக் கணக்குப் போட்டது. வைத்தியம் கிடைக்காதவருக்குச் செலவும் குறைவுதானே? அதனால் நோய் முற்றிய கறுப்பினத்தவரையும் அது "பரவாயில்லை" என்று பின்னால் தள்ளியது. உங்கள் கணவர் போட்டதும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், அம்மா. அவரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. கட்டு மாற்றவும் இரவில்தான் வந்தார். பகலில் வந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றார்.