சேர்வர்களைக் கூட்டினால் ட்ரான்ஸாக்ஷன் கணக்குப் பிழையாகுமா?

யாழ்ப்பாணத்தில் பல கிளைகள் உள்ள வியாபாரம், டேட்டாபேஸைப் பல சேர்வர்களில் பிரித்து வைத்தால் கணக்குப் பிழையாகுமா, வேகம் அடிபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிழையாகாமல் வைத்திருக்கலாம். ஆனால் சேர்வர் எண்ணிக்கைக்கு முதல் ஐசோலேஷன் மட்டத்தைப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஓடும் ட்ரான்ஸாக்ஷன்கள் (ஒரு பில் போல, முழுதாக முடிய வேண்டிய வேலைகள்) ஒன்றையொன்று எவ்வளவு பாதிக்கலாம் என்பதுதான் அது. ஸ்னாப்ஷாட் ஐசோலேஷன் (ஒவ்வொரு ட்ரான்ஸாக்ஷனும் தான் தொடங்கிய நேரத்து நிலையையே வாசிப்பது) இருந்தால் போதும் என்று இங்கே கனபேர் நம்புகிறார்கள். போதாது.

சுன்னாகத்தில் 80 மூட்டை அரிசி, சாவகச்சேரியில் 80. இரண்டும் சேர்த்து 100க்குக் கீழே போகக்கூடாது என்பது உங்கள் விதி. ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் 60 மூட்டைக்குப் பில் போடுகிறார்கள். இரண்டு ட்ரான்ஸாக்ஷனும் 160 என்றே வாசிக்கும். '60 போனால் 100 மிஞ்சும், சரி' என்று தன் தன் வரியை மட்டும் குறைக்கும். ஒரே வரியில் இருவரும் கை வைக்காததால் ஸ்னாப்ஷாட் மறிக்காது. மிஞ்சுவது 40. இதற்குப் பெயர் ரைட் ஸ்கியூ. 1995இலேயே ஆய்வுக் கட்டுரையில் எழுதிவிட்டார்கள். சீரியலைசபிள் மட்டத்தில் (ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதுபோலவே முடிவு வரும் மட்டம்) இரண்டில் ஒன்று நிராகரிக்கப்படும். நிராகரித்ததைத் திரும்ப ஓட்டுகிற நிரலை நீங்கள்தான் எழுத வேண்டும், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வேகம் அடிபடுவது, எது முந்தி எது பிந்தி என்று எல்லாச் சேர்வரும் ஒத்துக்கொள்ள வேண்டிய இடத்தில். கூகிளின் பெர்கோலேட்டர் என்ற அமைப்பில் (2010) ரைம்ஸ்டாம்ப் (நேர முத்திரை) கொடுப்பது ஒரே மையம். டிஐடிபி என்ற டேட்டாபேஸும் அந்த வழிதான். டிஐடிபியில் சீரியலைசபிள் கிடையாது. சேர்வர்கள் நாட்டுக்கு நாடு இருந்தால் மையத்துக்குப் போய்வரும் நேரம் கூடிவிடும். கூகிளின் டேட்டாபேஸான ஸ்பேனர் (2012) ஜிபிஎஸ்ஸும் அணுக் கடிகாரமும் வைத்து, கடிகாரப் பிழை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, அந்தச் சில மில்லிசெக்கன்கள் காத்திருந்துதான் கொமிட் செய்யும் (முடிவாகப் பதியும்). கொக்ரோச்டிபி என்ற டேட்டாபேஸுக்கு அந்த வசதி தேவையில்லை. 500 மில்லிசெக்கன் வரை கடிகார வித்தியாசத்தைத் தாங்குவதுதான் அதன் இயல்பு அமைப்பு. சந்தேகம் வந்தால் வாசிப்பைத் திரும்பத் தொடங்கும்.

உங்கள் அளவுக்கு என் கருத்து: ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சேர்வர், அதற்கொரு ரெப்ளிகா (நகல் சேர்வர்). 2011இல் வந்த 9.1 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸில் உண்மையான சீரியலைசபிள் இருக்கிறது. நீங்களாகத்தான் போட வேண்டும், தானாக வராது. பிரித்தே ஆக வேண்டுமென்றால் கிளைவாரியாகப் பிரியுங்கள், ஒரு பில் ஒரே சேர்வருக்குள் முடியட்டும். மேலே சொன்னதுபோல இரு கிளைக்கும் பொதுவான இருப்பு விதி இல்லாவிட்டால், கிளைக்குக் கிளை சரக்கு மாற்றும்போது மட்டும் இரண்டு சேர்வரைத் தொட வேண்டிவரும். அது சற்று மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, அங்கே வாடிக்கையாளர் யாரும் காத்து நிற்கப்போவதில்லை.