தகரத் தடுப்புக்குப் பின்னால் என்ன நடக்கிறது? உயரக் கட்டடங்களின் கடைக்கால் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: தடுப்பு போட்டு பத்து மாசம் ஆச்சு. ஒரு தூண்கூட வெளியே தெரியல. உள்ளே அப்படி என்னதான் சார் செய்றாங்க?

பதில்: பழைய கட்டடத்தை இடிப்பது, அதன் கடைக்காலைப் பெயர்ப்பது, கேபிளையும் குழாய்களையும் மாற்றுவது, மண்ணைத் தாங்கும் சுற்றுச்சுவர், பைல் (ஆழத் துளையிட்டுக் கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பும் நிலத்தடித் தூண்), தோண்டல், ராஃப்ட் (கட்டடத்தைத் தாங்கும் தடித்த அடிக் கான்கிரீட் தளம்). இடத்துக்கு இடம் வரிசை கொஞ்சம் மாறும். இதில் பலரும் அலட்சியப்படுத்துவது பழைய கடைக்காலைத்தான். மண்ணுக்குள் ஒரு கான்கிரீட் கட்டி விட்டுப்போயிருந்தால் பைல் துளை செங்குத்தாக இறங்காமல் விலகிவிடும். எடுத்த குழியைச் சரியாக நிரப்பாவிட்டால் அதைவிட மோசம். துளையிடும் இயந்திரமான ரிக் 60 டன்னிலிருந்து 100 டன்னுக்கு மேல்கூட இருக்கும். அதன் ஒரு பக்கச் செயின் பொசபொச மண்ணில் ஏறினால் ரிக்கே சாய்ந்துவிடும். அதனால் ஜல்லியை அடுக்கடுக்காகக் கெட்டித்து மேடை போட்ட பிறகுதான் ரிக் உள்ளே வர வேண்டும். கேபிள் விஷயத்தில் வரைபடத்தை நம்ப வேண்டாம். கையால் சோதனைக் குழி வெட்டி, கண்ணால் பார்த்துவிட்டு இயந்திரத்தை இறக்குங்கள்.

கேள்வி: மண் பரிசோதனை அறிக்கையில் 'என் (N) மதிப்பு' 50-க்கு மேல், 'ரெஃப்யூசல்' என்று இருக்கிறது. பாறை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரி எடுக்கும் குழாயை 45 செ.மீ. இறக்குகிறார்கள். முதல் 15 செ.மீ. துளையடியில் கலைந்த மண், அதனால் கணக்கில் சேராது. மீதி 30 செ.மீ.க்கு விழுந்த அடிகளே என் மதிப்பு. குழாய் இறங்க மறுக்கிறது என்பது மட்டுமே இதில் தெரியும். ஒரு உருண்டைக் கல் குறுக்கே கிடந்தாலும் இதே முடிவு வரும். பாறை என்று எழுதுமுன் சில மீட்டராவது கோர் (குடைந்தெடுக்கும் உருளை மாதிரி) எடுத்துப் பார்க்க வேண்டும். 10 செ.மீ.க்கு மேல் முழுசாக வந்த துண்டுகளின் மொத்த நீளம், துளையிட்ட நீளத்தில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பாறையின் தரம் அதில்தான் தெரியும். சுண்ணாம்புப் பாறை என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும், உள்ளே பொந்து இருக்கும். கோலாலம்பூரில் பெட்ரோனாஸ் கோபுரங்களுக்கு முதலில் குறித்த இடத்தில் பாறை ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் வெகு ஆழத்திலும் இருந்ததால், கோபுரங்களையே சுமார் 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள்.

கேள்வி: எல்லா பைலும் பாறை வரைக்கும் போயே ஆகணுமா?

பதில்: இல்லை. பக்க உராய்வை நம்பி நிற்கும் பைல்களும் உண்டு. துபாயின் புர்ஜ் கலீஃபாவின் பைல்கள் பலவீனமான பாறைக்குள் இருந்தாலும், முக்கியமாகப் பக்க உராய்வால்தான் தாங்குகின்றன. எவ்வளவு இறங்கும், எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இறங்குமா என்ற கணக்கு மட்டும் தவறக் கூடாது.

கேள்வி: சைட்டில் புதுசா சேர்ந்திருக்கேன். நாளைக்கு பைல் கான்கிரீட். எதைக் கவனிக்கணும் அண்ணா?

பதில்: கம்பிக்கூட்டை இறக்கிய பிறகு அடியை மறுபடி ஃப்ளஷ் செய்தார்களா (படிந்த சேற்றைக் கழுவி வெளியேற்றினார்களா) என்று முதலில் பாருங்கள். இறங்கும்போது கூடு பக்கச் சுவரைச் சுரண்டும், மண் அடியில் போய்ப் படியும். எடை கட்டிய டேப்பை விட்டு, துளையிட்டு முடித்தபோது இருந்த ஆழமே இப்போதும் வருகிறதா என்று அளந்து பாருங்கள்.

கான்கிரீட் 150 முதல் 200 மி.மீ. ஸ்லம்ப் (இளக்கத்தைக் காட்டும் அளவு) இருக்கட்டும். கான்கிரீட்டை அடியிலிருந்து நிரப்பும் ட்ரெமி குழாயின் முனை எப்போதும் குறைந்தது 2 மீட்டர் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். அவசரப்பட்டு உயர்த்தி முனை வெளியே வந்துவிட்டால், துளைச் சுவர் சரியாமல் பிடிக்கும் களிக்குழம்பான பெண்டோனைட் உள்ளே புகுந்து பைலின் நடுவே ஒரு சேற்று அடுக்கு உட்கார்ந்துவிடும். மறுபடி குழாயைச் செருகி ஊற்றினாலும் அது போகாது.

ஒவ்வொரு லாரிக்கும் மட்டத்தை அளந்து எழுதுங்கள். 1 மீட்டர் விட்டப் பைலில் 6 கன மீட்டர் ஊற்றினால் சுமார் 7.6 மீட்டர் ஏற வேண்டும். 5 மீட்டர்தான் ஏறியது என்றால் பக்கத்தில் மண் சரிந்து துளை அகன்றிருக்கிறது; கான்கிரீட் செலவு கூடும், பைலுக்குப் பெரிய ஆபத்தில்லை. 9 மீட்டர் ஏறினால்தான் பயப்பட வேண்டும். மண் உள்ளே சரிந்து பைலின் இடுப்பு ஒடுங்கியிருக்கலாம். அந்தப் பைலைச் சோதனைப் பட்டியலில் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். உச்சியில் வருவது சேறு கலந்த கான்கிரீட் என்பதால் கட்-ஆஃப் மட்டத்துக்கு (பைல் முடிய வேண்டிய மட்டம்) மேல் 60 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை கூடுதலாக ஊற்றி, பிறகு உடைத்தெடுப்பது வழக்கம்.

கேள்வி: பக்கத்து மனையில் 4 பேஸ்மென்ட் தோண்டுறாங்க. எங்க சுவத்துல விரிசல் வருது. வேலையாலதான்னு எப்படி நிரூபிக்கிறது ஐயா?

பதில்: வேலை தொடங்குமுன் எடுத்த படங்கள் இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. இல்லையென்றால் இன்றே ஒவ்வொரு விரிசலுக்கும் தேதி குறித்து, அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். காரணம் பெரும்பாலும் இரண்டு. சுற்றுச்சுவர் குழிப் பக்கம் வளைவது ஒன்று. தண்ணீர் இறைப்பது மற்றொன்று: நிலத்தடி நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், கீழ்மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 டன் கூடுதலாக ஏறும். களிமண் அதை மாதக்கணக்கில் மெல்ல வெளிக்காட்டும். நீர்மட்ட அளவுகளையும் உங்கள் சுவரில் பதித்த அளவுப்புள்ளிகளின் பதிவையும் எழுத்தில் கேளுங்கள். முடிந்தால் பம்பிலிருந்து வரும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வையுங்கள். நாள்தோறும் அடியில் மணல் படிந்தால், தண்ணீரோடு மண்ணையும் இழுக்கிறார்கள்.

கேள்வி: ராஃப்ட் போட்டாச்சு. பம்பை நிறுத்திடலாமா?

பதில்: கணக்குப் போடாமல் நிறுத்தக் கூடாது. ராஃப்டின் அடி நீர்மட்டத்துக்கு 12 மீட்டர் கீழே என்றால், சதுர மீட்டருக்கு 12 டன் மேல்நோக்கித் தள்ளும். 2.5 மீட்டர் தடிமன் ராஃப்ட் சுமார் 6 டன்தான். மீதியை மேலே கட்டும் தளங்களும், இழுவிசைக்கு வடிவமைத்த பைல்களும் ஈடுகட்ட வேண்டும். சென்ட்ரிங் சாமான், ஆட்கள் இதையெல்லாம் எடையில் சேர்க்காதீர்கள். மாற்று ஜெனரேட்டர் இல்லாத பம்ப் இருந்தும் பயனில்லை.

கேள்வி: ராஃப்டை இடைவிடாமல் ஊற்றுவது கட்டாயமா? வெயிலில் குளிர்ந்த தண்ணீர் தெளிக்கலாமா?

பதில்: கட்டாயமில்லை. ஷாங்காய் கோபுரத்தின் 6 மீட்டர் தடிமன் ராஃப்ட், சுமார் 60,000 கன மீட்டர், 2010-இல் இரண்டரை நாளில் ஒரே மூச்சில் ஊற்றப்பட்டது. புர்ஜ் கலீஃபாவின் 3.7 மீட்டர் ராஃப்டோ நான்கு தடவையாக ஊற்றப்பட்டது. குளிர்ந்த தண்ணீர் மட்டும் வேண்டாம். உள்ளே 70 டிகிரியைத் தாண்டாமலும், நடுவுக்கும் மேற்பரப்புக்கும் வித்தியாசம் 20 டிகிரிக்குள்ளும் வைப்பதுதான் பொதுவான வரம்பு. மேலே குளிரவைத்தால் வித்தியாசம் கூடி மேற்பரப்பு வெடிக்கும். சிமென்டில் ஒரு பகுதிக்குப் பதில் அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பு ஆலைக் கசடுத்தூளோ சேர்த்துச் சூட்டைக் குறையுங்கள். ஊற்றிய பின் கம்பளம் போல வெப்பத்தடுப்பு விரித்து மூடுங்கள். உள்ளே பதித்த வெப்பமானிகள் இறங்கு முகம் காட்டும் வரை, அவசரமென்று யார் சொன்னாலும் அந்த மூடலை எடுக்க விடாதீர்கள்.