பவளக்கல் வேண்டாம், பிரண்டை போதும்

கேள்வி: தங்கச்சிமடத்தில் வாடகை வீடு. பத்துக்குப் பன்னிரண்டடி ஹால். அதைச் செடிகளால் ஒரு ‘இன்ஸ்டலேஷன்’, அதாவது உள்ளே நடந்து பார்க்கும் கலை அமைப்பு, ஆக்க ஆசை. வாங்கி வைத்த மணி பிளான்ட் எல்லாம் நுனி கருகிச் செத்துவிட்டன. கரையில் பொறுக்கிய பவளக்கற்களை அடுக்கி, நடுவே வேறு செடி வைக்கலாமா? ‘இது வீடா காடா’ என்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி

பதில்: முதல் வேலையாக அந்தக் கற்களை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள், சகோதரி. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. கரை ஒதுங்கியதுதானே என்ற சமாதானம் எடுபடாது.

மணி பிளான்ட் செத்ததற்கு உங்கள் கைராசி காரணமில்லை. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். அது போர் தண்ணீரின் உப்பு. மண்ணில் உப்பு ஏற ஏற வேர் தண்ணீரை இழுக்கத் திணறும். இலைக்குப் போன உப்பு நுனியில் சேர்ந்து கருக்கும். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் இன்னும் மோசம். அரிசி கழுவிய தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், மழை பெய்தால் பிடித்து வைத்தது, இவை போதும். இவற்றில் பிழைக்கும் செடிகளாகப் பாருங்கள்: பிரண்டை, மருள், சோற்றுக் கற்றாழை. இருபது வகை வாங்கி அடுக்கினால் அது நர்சரி. ஒரே செடியைத் திரும்பத் திரும்ப வைத்தால்தான் அறைக்கு ஒரு குணம் வரும். அமெரிக்கக் கலைஞர் வால்டர் டி மரியா 1977-ல் நியூயார்க்கில் ஒரு மாடி முழுக்க 22 அங்குல உயரத்துக்கு வெறும் மண்ணை நிரப்பினார். இன்னும் அப்படியே இருக்கிறது. தண்ணீர் தெளித்து, மண்ணைக் கிளறிச் சமன்படுத்தி வருகிறார்கள். பராமரிப்பு பிடிக்காதவர்களுக்கு இந்தக் கலை ஒத்துவராது.

நான் உங்கள் ஹாலில் செய்வதென்றால் பிரண்டையைத்தான் எடுப்பேன். தெரிந்த மீனவர் வீட்டில் கிழிந்த வலை ஒன்று கேளுங்கள். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, நாற்றம் போகும்வரை வெயிலில் போடுங்கள். இல்லாவிட்டால் தெருப்பூனை எல்லாம் உங்கள் ஹாலில்தான். ஜன்னல் கம்பியில் ஒரு முனை, எதிர் மூலையில் பழைய ஃபேன் கொக்கியோ பரண் விளிம்போ எது இருக்கிறதோ அதில் மறுமுனை. சுவரில் ஆணி அடித்து வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்க வேண்டாம். வலை சாய்வாக, கொஞ்சம் தொய்ந்து இருக்கட்டும். உள்ளே வருகிறவர் லேசாகக் குனிந்து அதனடியில் போகவேண்டும். ஆளை உள்ளே இழுக்காமல் எதிரே நின்று பார்க்க வைத்தால் அது ஷோகேஸ்தான்.

இரண்டு கணு உள்ள பிரண்டைத் துண்டுகளை நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, மணல் கலந்த மண்ணில் ஊன்றி ஜன்னலடியில் வரிசையாக வையுங்கள். கணுவுக்குக் கணு பற்றுக்கம்பி விட்டு வலைக்கண்ணைப் பிடிக்கும். அந்த நாலுபட்டைத் தண்டு வெயில் பின்னால் விழும்போது கண்ணாடிப் பச்சையாகத் தெரியும், பார்த்திருப்பீர்கள். மாமியாரைக் கொழுந்து கிள்ளித் துவையல் அரைக்கச் சொல்லுங்கள். கிள்ளினால் பக்கக் கிளை விடும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளட்டும், அரிக்கும்.

வெளிச்சம் எட்டாத மூலைக்கு உயிர்ச்செடி வேண்டாம். தனுஷ்கோடி மணலில் காற்றுக்கு உருண்டு ஓடுமே இராவணன் மீசையின் காய்ந்த முள்ளுருண்டைகள், உதிர்ந்து கிடப்பதை மட்டும் பொறுக்கி நைலான் நூலில் வெவ்வேறு உயரத்தில் தொங்கவிடுங்கள். செடியைப் பிடுங்காதீர்கள், மணல்மேட்டைக் கட்டிப்பிடித்திருப்பதே அதுதான். குழந்தை இருந்தால் தலைக்குமேல் உயரத்தில் கட்டுங்கள், முள் குத்தும். கீழே தரையில் ஒரே ஒரு மஞ்சள் பல்பு. ஃபேன் போட்டால் உருண்டைகள் சுழலும், நிழல் சுவரெல்லாம் ஓடும்.

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குப் பக்க ஜன்னலைச் சாத்தி வையுங்கள். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் தண்டைத் துடைத்தால் படிந்த உப்பு போய்விடும்.