பரணில் இருக்கும் மரியோ

அன்புள்ள அக்கா,

குன்னூர்க்காரன் நான், பெங்களூரில் வேலை. பழைய வீடியோ கேம் பெட்டிகளைச் சேர்க்கிறேன். போன மாதம் ஜப்பானிலிருந்து ஒரிஜினல் ஃபேமிகாம் (நின்டெண்டோ கம்பெனியின் கேம் பெட்டி) ஒன்றை வரவழைத்தேன். காசைக் கரியாக்குவதாக மனைவி திட்டுகிறாள். அதைவிடப் பெரிய ஏமாற்றம், சின்ன வயதில் விளையாடிய அதே மரியோ இதில் ஒட்டவே இல்லை. ஓட்டம் வேகமாக இருக்கிறது, பாட்டுகூட அவசரப்படுகிறது. எனக்கு வயதாகிவிட்டதா? அன்று நாங்கள் விளையாடியது டூப்ளிகேட் குப்பைதான். அது இன்னும் ஊரில் பரணில் கிடக்கிறது, காயலான் கடைக்குப் போட வேண்டும். சேகரிப்பு முழுவதையும் குன்னூர் வீட்டுக்கே கொண்டுபோக ஆசை. மலை ஈரத்தில் கெடாமல் வைக்க வழி உண்டா?

ஆர்.

அன்புள்ள தம்பி,

இந்தப் பெட்டிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச காலமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் குப்பை என்று எழுதியதைப் பார்த்ததும் கோபமே வந்துவிட்டது. அதற்கு வருகிறேன்.

ஈரத்துக்கு வழி சுலபம். இறுக்கமாக மூடும் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். கேசட்டின் கால்களை, அதாவது அடியில் வரிசையாகத் தெரியும் உலோகப் பட்டைகளை, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம்தான் அதை அரிக்கும். ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, நம் 230-இல் நேராகச் செருகினால் அன்றோடு போச்சு. மனைவி விஷயத்தில் நான் தலையிடமாட்டேன்.

உங்களுக்கு வயதாகவில்லை. காது சரியாகத்தான் சொல்கிறது. ஜப்பானில் அன்றைய டிவி என்டிஎஸ்சி (NTSC) முறை, நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும். நம்முடையது பால் (PAL) முறை, நொடிக்கு 50 தடவைதான். அந்தக் காலத்து ஆட்டங்கள் திரை ஒருமுறை மாறினால் ஒரு அடி நகரும்படி எழுதப்பட்டவை. பாட்டும் அதே கணக்கில்தான் ஓடும். நம் ஊரில் விற்ற நகல் பெட்டிகளை நம் டிவிக்கு ஏற்றபடி செய்தார்கள். அதனால் மரியோவின் ஓட்டமும் பாட்டும் ஆறில் ஒரு பங்கு மெதுவாயின. சுருதி ஏறக்குறைய அதேதான், தாளம்தான் தளர்ந்தது. நீங்கள் தேடுகிற மரியோ அந்த ஜப்பான் பெட்டிக்குள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது உங்கள் பரணில் இருக்கிறது.

நான் வளர்ந்தது கோத்தகிரியில். எங்கள் தெருவில் ஒரிஜினலைக் கண்ணால் பார்த்தவர் யாரும் கிடையாது. டிவி மெக்கானிக் அண்ணன் ஒருவர் கடையில் பெட்டியை ஒரு ராத்திரிக்கு வாடகைக்குக் கொடுப்பார். ஜூன், ஜூலை மழையில் வெளியே கால் வைக்க முடியாது. வீட்டில் என் அண்ணன்மார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், எல்லோருக்கும் இரண்டே ஜாய்ஸ்டிக். தெரு முழுக்க ஹீட்டர் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி டிவி படம் இரண்டு பக்கமும் சுருங்கிவிடும். அந்தச் சுருங்கின படத்திலேயே கான்ட்ரா ஆடினோம். பெண்பிள்ளை என்பதால் எனக்கு எப்போதும் இரண்டாவது ஜாய்ஸ்டிக்தான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. பட்டன் வேலை செய்யாமல் போனால் அந்த அண்ணன் சிகரெட் அட்டையின் ஈயத்தாளைக் குட்டியாக வெட்டி, தேய்ந்த ரப்பருக்கு அடியில் ஒட்டித் தருவார். மறுபடி வேலை செய்யும். அவர் கைபட்ட பெட்டியையா குப்பை என்கிறீர்கள்?

திருட்டு நகல்தானே என்பீர்கள். ஆமாம், உரிமம் வாங்காமல் செய்ததுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சேகரிப்பவர் யோசிக்க வேண்டியது வேறு. ஃபேமிகாம் 1983-இல் வந்தது. வடிவமைத்தவர் மசாயுகி உவெமுரா. 2003-இல் உற்பத்தி நின்றது. அமெரிக்க வடிவத்தையும் சேர்த்து உலகம் முழுக்க 6 கோடியே 19 லட்சம் விற்றிருக்கிறது. இத்தனைக்கும் பதிவு உண்டு. நீங்கள் ஒன்றைக் காப்பாற்றாவிட்டாலும் அது அழியாது. நம் பெட்டிக்கு என்ன பதிவு இருக்கிறது? யார் செய்தார்கள், எந்த வழியாக மலையேறி வந்தது, ஒன்றும் எழுதிவைக்கவில்லை. பல பெட்டிகளைத் திறந்தால் சிப்பே தெரியாது, சர்க்யூட் பலகையில் கறுப்புப் பொட்டு மாதிரி ஒரு பிசின் மட்டும் இருக்கும். அதற்குள் இருப்பது செத்தால் மாற்ற முடியாது, பெட்டியே போய்விடும். கேசட்டில் 9999 ஆட்டம் என்று போட்டிருப்பான். உள்ளே சில ஆட்டங்கள்தான், அவற்றையே மூன்றாம் லெவலிலிருந்து, ஏழாம் லெவலிலிருந்து என்று அடுக்கியிருப்பான். அந்த அடுக்கு கேசட்டுக்குக் கேசட் மாறும். ஒன்று காயலான் கடைக்குப் போனால் அதோடு அந்த வரிசையும் போச்சு. ஒரிஜினல் இருந்தால்தான் மரியாதை என்ற நினைப்பு உங்களுக்கு எங்கிருந்து வந்தது தம்பி? நம் வீட்டில் இருந்த பொருளை நாமே கேவலமாக நினைத்தால் வேறு யார் எடுத்துவைப்பார்கள்? ஜப்பான்காரர்கள் தங்களுடையதை நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். குன்னூரில் ஓடிய பெட்டியைக் குன்னூர்க்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதை இறக்குங்கள். பழைய அடாப்டரை நம்பாதீர்கள், முதலில் மீட்டர் வைத்துப் பாருங்கள். அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் காலத்து மஞ்சள் கேசட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு 60 கால், ஃபேமிகாமுக்கும் அதேதான். ஒரே கேசட்டை இரண்டு பெட்டியிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள். மனைவியையும் கூட உட்காரவைத்து முதல் ஜாய்ஸ்டிக்கை அவரிடம் கொடுங்கள். கேசட்டின் மெனுவில் வரும் ஆட்டப் பெயர்களை எழுத்துப்பிழையோடு அப்படியே எழுதி, பலகையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா