வேட்டி, லுங்கியில் வந்தவரை மால் செக்யூரிட்டி வாசலிலேயே நிறுத்தினால் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டுக்குள் என்றால் வேட்டி கட்டியிருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் நிறுத்த முடியாது. அதற்கென்றே 2014-ல் தனிச்சட்டம் வந்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. பெரிய கண்டனம் எழுந்து, அடுத்த மாதமே சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ நாகரிகமாக உடுத்தி வருகிறவரை, உடையை மட்டும் காரணம் காட்டி, கிளப், சங்கம், அறக்கட்டளை, கம்பெனி, சொசைட்டி எதுவும் பொது இடத்துக்குள் விடாமல் தடுக்கக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்; உரிமத்தை ரத்து செய்யவும் வழி இருக்கிறது. மால்களை நடத்துவதும் கம்பெனிகள்தான் என்பதால், கிளப்புக்கு மட்டும்தான் சட்டம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டியதில்லை.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். சட்டம் ‘நாகரிகமாக’ என்கிறது. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியபடி வாசலுக்குப் போனால் அதையே பிடித்துக்கொள்வார்கள். பார்க்கிங்கிலேயே இறக்கி விட்டுவிடுங்கள். அடுத்தது லுங்கி. சட்டத்தில் பெயர் சொல்லி இருப்பது வேட்டி மட்டுமே. லுங்கி ‘வேறு இந்திய மரபு உடை’ என்ற சொற்களுக்குள் வரும் என்பது என் வாதம், ஆனால் அதை வாதாடித்தான் நிலைநாட்ட வேண்டும். அரைக்கால் டிரவுசர், பனியன், வெறுங்கால் இவற்றுக்கு இந்தச் சட்டம் உதவாது.

வெளி மாநிலங்களில் வேறு வழிகளைத்தான் பார்க்க வேண்டும். அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாகக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் கேளிக்கை இடங்களிலும் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் உடை இல்லை. ஆனாலும் போலீஸ் கையில் ஒரு பிரிவு இருக்கிறது. 2024 ஜூலையில் பெங்களூரு மாகடி ரோட்டில் உள்ள ஜிடி வேர்ல்ட் மாலில், சினிமா பார்க்க மகனோடு வந்த ஹாவேரி மாவட்ட விவசாயியை, வேட்டியை மாற்றி பேண்ட் போட்டு வரச் சொல்லி நிறுத்தினார்கள். விவசாயச் சங்கங்களும் கன்னட அமைப்புகளும் வாசலில் உட்கார்ந்தன. மால் உரிமையாளர் மீதும் காவலாளி மீதும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 126(2) பிரிவின் கீழ் வழக்குப் பதிவானது. போகும் வழியை மறிப்பதற்கான பிரிவு அது. ஒரு மாதம் வரை சாதாரணச் சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மால் 7 நாள் மூடப்படும் என்று அரசு சட்டசபையிலேயே அறிவித்தது. 2017-ல் கொல்கத்தா குவெஸ்ட் மாலில் நடந்ததும் இதே கதை. வேட்டி குர்த்தாவில் வந்த திரைப்பட இயக்குநரை நிறுத்தியவர்கள், அவர் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்ததும் விட்டுவிட்டதாக அவரோடு வந்த தோழி எழுதினார். வாசலில் அளக்கப்படுவது துணி இல்லை, பணமும் படிப்பும்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

காவலாளி ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்பது தெரிந்தால்தான் அங்கே சரியாகப் பேச முடியும். அனேகமாக அவர் மாலின் ஊழியரே இல்லை. மால் நிர்வாகம், பராமரிப்பு காண்ட்ராக்ட் எடுத்த கம்பெனி, அதன் கீழ் செக்யூரிட்டி ஏஜென்சி, சூப்பர்வைசர், கடைசியில்தான் கேட்டில் நிற்பவர். பெரும்பாலும் 12 மணி நேர ஷிப்ட். கேட்டுக்குரிய எழுத்து உத்தரவில், அதாவது போஸ்ட் ஆர்டரில், ஆயுதம், குடிபோதை, தீப்பற்றும் பொருள், செல்லப் பிராணி என்றுதான் இருக்கும். ‘ஆளைப் பார்த்து விடு’ என்பது ஷிப்ட் ஆரம்பத்தில் வரிசையாக நிற்க வைத்து வாயால் சொல்வது. யாரை விடக் கூடாது என்று அதில் இருக்காது, அவராகவே ஊகித்துக்கொள்ள வேண்டும். வேண்டாத ஆள் ஒருவர் உள்ளே போய்விட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள், கேட்டை மாற்றுவார்கள். பத்து பேரைத் தவறாக நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. இப்படி ஒரு பக்கம் மட்டும் தண்டனை இருந்தால் யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் செய்வார்கள். தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் சட்டத்தை (2005) ஒட்டிய மத்திய மாதிரி விதிகளில் காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் சொல்லப்பட்டிருக்கிறது. அவ்வளவும் ஒழுங்காக நடந்தால் வாசல் பிரச்சினைகளில் பாதி வராது.

ஆகவே கேட்டில் காவலாளியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். வரிசையை விட்டு ஒரு ஓரமாக வந்துவிடுங்கள். வழியை அடைத்துக்கொண்டு நின்றால் ‘தகராறு செய்தார்’ என்று அவர்களுடைய பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். பிறகு சத்தம் போடாமல் கேளுங்கள்: “அண்ணே, இந்த ரூல் எங்க எழுதியிருக்கு? காட்டுங்க. இல்லன்னா வாக்கிடாக்கியில டியூட்டி மேனேஜரக் கூப்பிடுங்க, நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்.” அனேகமாக இங்கேயே முடிந்துவிடும், ஏனென்றால் எழுதிய ரூல் இருக்காது, மேனேஜரும் அதைத் தன் வாயால் சொல்ல விரும்ப மாட்டார். அவர் வரும்வரை கேட் நம்பர், நேரம், சீருடையில் உள்ள ஏஜென்சி பெயர், காவலாளியின் பேட்ஜ் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தோடு கூடிய அடையாள அட்டை அவருக்கு ஏஜென்சி கொடுத்திருக்க வேண்டும் என்பதும் அதே 2005 சட்டம்தான். சினிமா டிக்கெட் இருந்தால் மேனேஜரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.

சோதனை செய்வதும் தடுப்பதும் வேறு வேறு. வேட்டியில் பாக்கெட் இல்லாததால் சாவியும் சில்லறையும் இடுப்பு மடிப்பிலோ உள்ளே போட்ட டிரவுசரிலோ இருக்கும். மெட்டல் டிடெக்டர் சத்தம் போடும், காவலாளி இடுப்பில் கை வைக்கப் பார்ப்பார். முன்பே எல்லாவற்றையும் எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, கைக்கருவியால் பார்க்கச் சொல்லுங்கள். தள்ளினாலோ, துணியைப் பிடித்து இழுத்தாலோ அது தனிக் குற்றம் (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 131).

உள்ளே விடவே இல்லை என்றால் அன்றைக்கே மாலின் மெயிலுக்கு நான்கு வரி அனுப்புங்கள். “இந்தத் தேதி, இத்தனை மணிக்கு, 2-வது கேட்டில், வேட்டி அணிந்திருந்ததற்காக எனக்கு அனுமதி மறுக்கப்பட்டது. எந்த எழுத்து விதியின் கீழ் என்று தெரிவிக்கவும். அந்த நேரத்து சிசிடிவி பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்.” இதில் மிக முக்கியமானது கடைசி வரி. சிசிடிவி பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்து மேலெழுதப்படும். தாமதமாகக் கேட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும்; கேட்ட பிறகு அழிந்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள். அடுத்து, அந்தப் பகுதி காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். புகாரில் 2014 சட்டத்தையும் 126(2)-யும் சேர்த்தே எழுதுங்கள். மாலின் உள்பகுதி தனியார் இடம், வழிமறிப்பு பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதாடக்கூடும் என்பதால் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். டிக்கெட்டோ முன்பதிவோ செய்து பணம் கட்டியிருந்தால் நீங்கள் நுகர்வோரும்கூட. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. ஒன்றும் வாங்காமல் சும்மா சுற்றிப் பார்க்க வந்தவருக்கு இந்த வழி கைகொடுக்காது.

நிறுத்தப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்து, அதற்காகவே நிறுத்தினார்கள் என்று தெரிந்தால், உடையைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுங்கள். ‘டிரஸ் சரியில்லை’ என்பது அங்கே வெறும் சாக்கு.

எல்லா உடை விதியும் அநியாயம் இல்லை. குதித்து விளையாடும் டிராம்போலினில் வழுக்காத சாக்ஸ் கேட்பதும், நகைக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்வதும் நியாயம். எஸ்கலேட்டர் காரணமும் உண்மைதான்: தரையைத் தொடும் வேட்டி நுனியும் சேலைக் கொசுவமும் படிப் பல்லில் சிக்கும். ஆனால் அதற்குத் தீர்வு ‘நுனியைத் தூக்கிப் பிடியுங்கள்’ என்ற ஒரு போர்டும் ஒரு லிஃப்டும், வாசலில் தடுப்பதில்லை.

வீடியோ எடுத்தால் பதிவு போடும்போது காவலாளியின் முகத்தை மறைத்துவிடுங்கள். மறுநாள் வேலை போவது அவருக்குத்தான், வாயால் உத்தரவு போட்டவருக்கு இல்லை. மேனேஜர் சொன்ன பதிலும் மாலின் பெயரும் தெளிவாக இருந்தால் போதும்.

மால் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், போஸ்ட் ஆர்டரில் இரண்டு வரி சேருங்கள்: ‘உடையைக் காரணம் காட்டி யாரையும் கேட்டில் நிறுத்தக் கூடாது. சந்தேகம் இருந்தால் உள்ளே அனுப்பிவிட்டு வாக்கிடாக்கியில் சூப்பர்வைசருக்குத் தெரிவிக்கவும்.’ அதைக் காவலாளிக்குத் தெரிந்த மொழியில் அச்சடித்து கேட்டிலேயே ஒட்டுங்கள். இன்று பல கேட்டுகளில் நிற்பவர்கள் அசாம், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள்; தமிழிலோ ஆங்கிலத்திலோ மட்டும் ஒட்டினால் அவர்களுக்கு அது போய்ச் சேராது.